வில்லனை ஹீரோவாக்க முதலில் எதில் கை வைப்பது: கதையிலா, கண்ட்ரோலிலா?

கோட்டைமேடு:
ஆளாளுக்கு ஒரு கேமை இழுத்து இழை திசைமாறிப் போகாமல் இருக்க, ஒரு கற்பனை வில்லனை நடுவில் நிறுத்துகிறேன். ஆக்‌ஷன் கேம் ஒன்றின் கடைசி பாஸ், அதாவது முடிவில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி, ஒரு சேனாதிபதி. மூன்று ஊர்களை எரித்தவன். உயரம் 3.2 மீட்டர், கையில் சம்மட்டி, 12,000 ஹெல்த் (உயிரளவு), பாதி குறைந்ததும் வெறி ஏறும். இரண்டாம் பாகத்தில் இவன்தான் ஹீரோ. முதலில் யார் உட்கார வேண்டும், எழுத்தாளரா, சண்டையையும் கண்ட்ரோலையும் வடிவமைக்கும் காம்பாட் டிசைனரா?

என் கட்சி காம்பாட் டிசைனர். வாரியோவைப் பாருங்கள். 1992-ல் சூப்பர் மாரியோ லேண்ட் 2-ல் மாரியோவின் கோட்டையைப் பிடித்துக்கொண்ட வில்லன். 1994-ல் வாரியோ லேண்டில் ஹீரோ. நடுவில் அவன் திருந்தவே இல்லை. கடற்கொள்ளையரிடம் இருக்கும் தங்கச் சிலைக்காகக் கிளம்புவதும் பேராசையால்தான். மாரியோ தாவி மிதிப்பான், இவன் தோளால் இடிப்பான். மாரியோவுக்குக் காசு துணைச் சமாச்சாரம். இவனுக்கு அதுதான் இலக்கே. முடிவில் சேர்த்த காசுக்குத் தக்க வீடு கிடைக்கும், ரொம்பக் குறைந்தால் பறவைக் கூண்டு! குணத்தைத் தொடாமல், ஆட்டத்தின் இலக்கை அந்தக் குணத்துக்குத் தக்கபடி வளைத்தார்கள். மன்னிப்பு வசனம் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

ஏடெழுதி:
வாரியோ கோட்டையைத் திருடினான். உங்கள் சேனாதிபதி ஊரை எரித்தான். சிரிப்பு வில்லனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பிணம் விழுந்த கதையில் கேட்பார்கள்.

இல்லிடனை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்தில் ஆட்டக்காரர்களே அவன் கோட்டையான பிளாக் டெம்பிளில் ஏறி அவனைக் கொன்றார்கள். 2016-ல் லீஜியன் விரிவாக்கத்தில் அவன் ஆன்மாவைத் தேடிக் கொண்டுவந்து, அவன் செய்ததெல்லாம் பேய்ப்படையை எதிர்க்கத்தான் என்றார்கள். அவனைக் கொன்று அவன் வாள்களையே தூக்கிக்கொண்டு திரிந்தவர்களிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இறங்கும்? நினைவுக் காட்சிகளாலும் பிறர் வாயாலும் நியாயம் சொன்ன இடங்கள் எனக்கு ஒட்டவே இல்லை. ஒட்டியது ஒன்றுதான்: ஒளியின் தெய்வப்பிறவியான ஸீரா அவனைக் கட்டாயமாகப் புனிதனாக்கப் பார்க்கும்போது, மறுத்து அவளையே அழிக்கிறானே, அந்தக் காட்சி. பழைய இல்லிடன் அப்படித்தான் செய்வான். அதற்குக் கண்ட்ரோல் எதுவும் மாறவில்லை, எழுத்துதான் செய்தது.

எழுத்தாளர் தொடங்க வேண்டிய விதம் இது. முதல் பாகத்தில் வில்லன் வரும் அல்லது பேசப்படும் ஒவ்வொரு காட்சியையும் அட்டவணையில் போடுங்கள். ஆட்டக்காரர் கண்ணால் பார்த்தது ஒரு பத்தி. மற்றவர்கள் சொல்லிக் கேட்டது இன்னொன்று. யாரும் பார்க்காத நேரம் மூன்றாவது. முதல் பத்தியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. இரண்டாவதை வளைக்கலாம், சொன்னவனுக்குப் பொய் சொல்லக் காரணம் இருந்தால் மட்டும். புதுக் கதை முழுவதும் மூன்றாவதில்தான் முளைக்க வேண்டும். பெரும்பாலான மறுகதைகள் சொதப்புவது முதல் பத்தியில் கைவைத்து: "எரித்தது அவனில்லை, அவனைப் போல வேடமிட்டவன்." அந்த நிமிடமே வில்லன் காலி. மிஞ்சுவது பழிசுமந்த ஒரு நல்லவன், அவன் யாருக்கு வேண்டும்?

கோட்டைமேடு:
அட்டவணையை ஏற்கிறேன். ஆனால் லீஜியனில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே விரிவாக்கத்தில் டீமன் ஹன்டர் என்ற, இல்லிடனைப் போன்ற வீரர் வகுப்பையும் கொடுத்தார்கள்: இரட்டைத் தாவல், சிறகு விரித்து மிதத்தல், பேயுருவுக்கு மாறுதல். இல்லிடனின் உடம்பை ஆட்டக்காரரின் விரலுக்குக் கொடுத்த வேலை அது. நீங்கள் குறைசொன்ன நினைவுக் காட்சிகளைவிட அவன் பக்கம் ஆளை இழுத்தது அந்த வகுப்புதான்.

பிரேம்எண்ணி:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். பாஸை அப்படியே எடுத்து ஆட முடியாது. பாஸ் என்பது அடிவாங்கச் செய்த பொம்மை. அதன் ஒவ்வொரு எண்ணும் எதிரில் நிற்பவனுக்காக வைத்தது. வினாடிக்கு 60 பிரேம் (திரையில் ஓடும் தனிப்படம்) என்று வைத்து, மாதிரி எண்களோடு சொல்கிறேன்.

சம்மட்டியை ஓங்க 48 பிரேம், அதாவது 0.8 வினாடி. ஹீரோ பார்த்து ஒதுங்குவதற்கான நேரம் அது. அதையே பட்டனில் மாட்டினால், அமுக்கிய பின் முக்கால் வினாடிக்கு ஒன்றும் நடக்காது. பட்டன் பிடிக்கவில்லை என்று ஆட்டக்காரர் மறுபடி அமுக்குவார். அமுக்கியதை வரிசையில் பிடித்துவைக்கும் இன்புட் பஃபர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்காத இரண்டாவது அடியையும் அடிக்கும். எல்லாரும் முதலில் செய்வது அனிமேஷனை மூன்று மடங்கு வேகமாக ஓட்டுவது. 16 பிரேமுக்கு வந்துவிடும், சம்மட்டியின் எடையும் அதோடு போய்விடும். மாறாக, பட்டனைத் தட்டினால் 30-வது பிரேமிலிருந்து தொடங்கட்டும்: மிச்சம் 18 பிரேம், 0.3 வினாடி. அழுத்திப் பிடித்தால் முழு 48-உம் ஓடட்டும், சேதம் இரண்டு மடங்கு. அன்றைக்கு எச்சரிக்கையாக இருந்தது இன்றைக்குச் சார்ஜ் ஆகிவிடும். கவனம்: நடுவிலிருந்து தொடங்கினால் 30-க்கு முன்னால் வைத்த அனிமேஷன் ஈவென்டுகள் (குறித்த பிரேமில் ஓடும் கட்டளைகள்) ஓடாமல் போகலாம். உறுமல் சத்தம் வராது. ஆயுதத்தின் கொலைடரை (மோதலைக் கண்டறியும், கண்ணுக்குத் தெரியாத வடிவம்) திறக்கும் கட்டளை அங்கே இருந்தால் சம்மட்டி எதிரியின் ஊடே போகும், அடி விழாது. அவற்றை 31-க்குப் பின்னால் நகர்த்துங்கள்.

ஹெல்த் 12,000 ஏன்? பழைய ஹீரோ வினாடிக்கு 80 சேதம் செய்வான், சண்டை இரண்டரை நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண எதிரி ஒரு அடிக்கு 15 எடுப்பான். 12,000-ஐ ஆட்டக்காரரிடம் கொடுத்தால் 800 அடி வாங்கலாம். பயம் என்ற ஒன்றே இருக்காது. 150 கொடுங்கள். அசையாமல் அடிவாங்கும் தன்மையைத் தனி அளவாக, 60 என்று வையுங்கள். ஒவ்வொரு அடியும் அதில் 15 குறைக்கும், நாலாவது அடியில்தான் தடுமாறுவான், 3 வினாடி அடிவாங்காவிட்டால் மறுபடி நிரம்பும். பாஸின் திமிர் அந்த 60-ல் இருக்கிறது, 12,000-ல் இல்லை.

அடுத்து உடம்பு. அவனைச் சுற்றிய கேப்சூல் வடிவக் கொலைடரின் ஆரம் 1.1 மீட்டர் என்றால் விட்டம் 2.2, முதல் பாகத்தின் கதவு 1.4. அவன் வீட்டுக் கதவுக்குள்ளேயே அவன் நுழைய மாட்டான்! உயரத்தை 2.3-க்குக் குறைத்து, நடமாடும் கொலைடரை 0.6 ஆரத்துக்குச் சுருக்கி, அடிவாங்கும் கொலைடரை மட்டும் உடம்பளவுக்கு விடுங்கள்.

கடைசியாக, எல்லாரும் மாட்டும் இடம். பாஸின் தீமழை "பிளேயர்" என்ற டேகை (அடையாளப் பெயர்) தேடி விழும்படி எழுதியிருப்பார்கள். இப்போது அந்த டேக் சேனாதிபதிக்கே. பட்டனை அமுக்கினால் அவன் தலையிலேயே கொட்டும். டேகை விட்டுவிட்டு அணி எண்ணை வைத்துக் குறிதேடுங்கள்.

சும்மாபார்ப்பவன்:
உயரம் போச்சு, ஹெல்த் போச்சு, ஓங்கலும் பாதி போச்சு. இதுக்குப் பழைய ஹீரோவுக்கே தாடி ஒட்டி விட்டிருக்கலாமே :)

பிரேம்எண்ணி:
நியாயமான கேள்விதான். எடை உயரத்தில் இல்லை. அடி படும் நொடியில் 8 முதல் 10 பிரேம் படம் உறைந்து நிற்பது, கேமரா இடுப்பு உயரத்துக்கு இறங்கி நிற்பது, எதிரிகள் இவனைக் கண்டதும் ஓரடி பின்வாங்கும் அனிமேஷன்: இந்த மூன்றும் இருந்தால் 2.3 மீட்டரே மலையாகத் தெரியும். டெவில் மே க்ரை 4-ன் 2015 சிறப்புப் பதிப்பில், முன்பு வில்லனாக இருந்த வாள்வீரன் வெர்ஜிலுக்கு வைத்த கான்சன்ட்ரேஷன் மீட்டரைப் பாருங்கள். பதறாமல் நடந்தால், குறி தவறாமல் அடித்தால் ஏறும். ஓடினால், காற்றில் வாள்வீசினால், அடிவாங்கினால் இறங்கும். அவன் நிதானமும் கர்வமும் ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டன. ஆட்டக்காரர் தானாகவே வெர்ஜிலைப் போல நடக்க ஆரம்பிக்கிறார்.

ஏடெழுதி:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எனக்குத்தான் சாதகம். "இவன் நிதானமானவன், கர்வி" என்று யாரோ முதலில் எழுதி வைத்ததால்தானே அந்த மீட்டர் வந்தது? சேனாதிபதிக்கு அப்படி என்ன எழுதுவீர்கள்? வெறி என்கிறீர்கள். பாதி ஹெல்த்துக்குக் கீழே பலம் கூடும் என்று அப்படியே விட்டால், எல்லாரும் வேண்டுமென்றே 70 ஹெல்த்தில் திரிவார்கள். மருந்தே குடிக்க மாட்டார்கள்.

கோட்டைமேடு:
வெறி தானாக ஏறக்கூடாது, ஆட்டக்காரரே ஏற்றட்டும். ஏற்றினால் வினாடிக்கு 4 ஹெல்த் கரையட்டும், கூட நிற்கும் சொந்தப் படையாளும் அடிவாங்கட்டும். ஊரை எரித்தவன் என்பது அங்கே புரியும்.

ஏடெழுதி:
இது பிடித்திருக்கிறது. அப்படியானால் பெரிய கேள்விக்கு வாருங்கள்: எரிப்பை ஆட்டக்காரர் கையால் செய்யவைப்பீர்களா, முன்கதையில் தள்ளுவீர்களா?

முள்முடி:
செய்யவைக்க வேண்டும். 2002-ல் வார்கிராஃப்ட் 3-ல் இளவரசன் ஆர்தாஸின் ஸ்ட்ராத்ஹோம் கட்டம். கொள்ளைநோய்த் தானியம் தின்ற ஊர், மக்கள் பிணப்படையாக மாறப் போகிறார்கள். பேய்த்தலைவன் மால்கானிஸ் 100 பேரைத் தன் பக்கம் சேர்ப்பதற்குள் நீங்கள் 100 பேரை முடிக்க வேண்டும். திரையில் இரண்டு எண்கள் போட்டிபோட்டு ஏறும். கொஞ்ச நேரத்தில் நியாயம் அநியாயம் எல்லாம் மறந்து எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த எண்ணிக்கைதான் ஆர்தாஸின் மனநிலை. கதையா கண்ட்ரோலா என்று அங்கே பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஏடெழுதி:
அதில் அவன் வில்லனாக இறங்குகிறான். இங்கே ஏற வேண்டும். எரிப்பை முதல் மணிநேரத்தில் வைத்தால் அவனை வெறுத்துக் கேமை மூடிவிடுவார்கள். கடைசியில் வைத்தால் ஏமாற்றிவிட்டீர்கள் என்பார்கள். 2020-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2 இதே இடத்தில்தான் ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிளந்தது. முதல் பாகத்தின் நாயகன் ஜோயலை ஆபி முதலில் கொல்கிறாள், பழிவாங்கக் கிளம்பும் எல்லியாகப் பாதி ஆட்டம் ஆடிய பிறகுதான் அவள் பக்கத்து மூன்று நாட்கள் நம் கைக்கு வருகின்றன.

முள்முடி:
அங்கேயும் கை வேலை செய்தது. எல்லியிடம் எப்போதும் கத்தி உண்டு. ஆபி கிளிக்கரை (சத்தத்தை வைத்து ஆளைத் தேடும் தொற்றுப் பிடித்த எதிரி) பின்னாலிருந்து சத்தமில்லாமல் முடிக்கக் குத்தூசியைப் பொருள் சேர்த்துச் செய்ய வேண்டும். வெறுப்போடு ஆடினாலும் அவள் கவலை உங்கள் கவலையாகிவிடும். சேனாதிபதிக்கு மூன்று ஊர் இருக்கிறதே, பிரித்து வையுங்கள். முதல் ஊர் ஏற்கெனவே சாம்பல், அதன் வழியாக நடக்கிறான். இரண்டாவதை எரிக்கும் கட்டளையை ஆட்டக்காரர் கொடுக்க வேண்டும். மூன்றாவதில் மறுக்க ஒரு பட்டன் இருக்கட்டும்.

ஏடெழுதி:
மறுத்தால் என் முதல் பத்தி உடையும். மூன்று ஊரும் எரிந்ததை முதல் பாகத்தில் கண்ணால் பார்த்தாயிற்று.

முள்முடி:
ஊர் எரியட்டும். மறுத்தால் ஆளைக் கிளப்பிவிட்டு வெற்று ஊரை எரிக்கிறான். முதல் பாகத்தில் அங்கே புகையும் கூரையும்தான் தெரிந்தது என்றால் அட்டவணை உடையவில்லை. பிணங்கள் தெரிந்திருந்தால் அந்தப் பட்டனை எடுத்துவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஏடெழுதி:
சரி, அந்த ஒரு ஊருக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாகத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு.

கோட்டைமேடு:
கடைசி பாஸ் யார்? பழைய ஹீரோதானே. 1982-லேயே டாங்கி காங் ஜூனியரில் மாரியோ டாங்கி காங்கை அடைத்த கூண்டுக்குக் காவல் நின்றான், புதுசு இல்லை.

பிரேம்எண்ணி:
அவனைப் பாஸாக்கும்போது தலைகீழான சிக்கல். அவன் டாட்ஜில் (ஒதுங்கும் அசைவில்) 12 பிரேம் அடிபடாத நேரம் இருக்கும். ஏஐ உங்கள் இன்புட்டைப் படித்து ஒவ்வொரு முறையும் ஒதுங்கினால் தொடவே முடியாது. 15 பிரேம் தாமதம் கொடுங்கள், ஸ்டாமினாவையும் (தெம்பளவு) விட்டுவையுங்கள்: மூன்று டாட்ஜுக்கு மேல் மூச்சு வாங்கட்டும். மருந்துக் குப்பி மூன்று போதும், குடிக்க 70 பிரேம், நடுவில் அடித்தால் குப்பி உடைய வேண்டும்.

ஏடெழுதி:
அந்தச் சண்டையில் முதல் பாகத்தின் அதே மூன்று வசனங்கள் வரட்டும், சொல் மாறாமல். இந்த முறை கேட்பவர் அவற்றைச் சேனாதிபதியாக இருந்து கேட்பார்.

பிரேம்எண்ணி:
வரட்டும், ஆனால் பழைய ட்ரிகரோடு (வசனத்தைக் கிளப்பும் நிபந்தனை) வேண்டாம். அவை சேனாதிபதியின் ஹெல்த் 75, 50, 25 சதவீதத்தில் கட்டியிருக்கும். இப்போது அவனுக்கு இருப்பது 150. ஹீரோவின் தொடர் அடி ஒன்றிலேயே மூன்று எல்லையும் தாண்டிப்போய், மூன்று வசனமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். ஒவ்வொரு குப்பியும் காலியாகும்போது ஒரு வசனம் என்று கட்டுங்கள், உடைந்தாலும் குடித்தாலும்.