பாதை போய்ப் பாலம் வந்த வழியால் ஊருக்கு

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

"பாதை நின்றதோடு ஊரின் அழகும் போய்விட்டது" என்று ரொறன்ரோவிலிருந்து அண்ணர் ஒருவர் போன மாதம் இங்கே எழுதியிருந்தார். (வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக: நம் பக்கத்தில் 'பாதை' என்றால் தெரு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை.) அவருக்குப் பதில் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஊருக்கே போய்வர வாய்த்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் விடிய நான்கு மணிக்கு வேன் புறப்பட்டது. எல்லாரும் செய்வதுபோல ஹபரணையில் திரும்பிப் பொலன்னறுவை, வாழைச்சேனை என்று போகாமல், கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கினோம். சுற்றுத்தான். சாரதி முகத்தைச் சுளித்தார். தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். வேனுக்கு அரை நிமிட வேலை. பாலம் வருமுன் அங்கே பாதை ஓடிய துறையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றவன் நான். அடுத்து உப்பாறு, கங்கை, இறால்குழி. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுமுன் கிளைகிளையாகப் பிரியும் நிலம் அது. ஒவ்வொரு துறையிலும் இறங்கு, காத்திரு, ஏறு. இன்று பாலங்கள் வந்துபோவதே தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மருமகன் மூதூரில்தான் கண் விழித்தான்.

1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி பிடிபட்டது இந்தக் கொட்டியாரத்தில்தான் என்று அவனுக்குச் சொன்னேன். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்துவிட்டுத் தப்பியவன். மருமகனுக்கு அதைவிடக் கட்டைபறிச்சானில் வாங்கிய எருமைத் தயிர்தான் பிடித்தது. மண் முட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர். மேலே மஞ்சள் பூத்த ஆடை, அடியில் மண் மணம். கொழும்பில் பிளாஸ்டிக் கோப்பையில் விற்பதற்கும் தயிர் என்றுதான் பெயர், என்ன செய்வது.

வெருகலில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தேன். பழைய துறைப்பக்கம் இரும்புத் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. பாதையை இழுத்த கம்பி உரசி உரசி ஒரு பக்கம் விரல் அளவுக்குப் பள்ளம். அதில் விரலை வைத்தபோது சின்னம்மாவின் நினைவுதான் வந்தது. இரவில் பாதை ஓடாது. வயிற்று நோவோடு வந்தவர் விடியும்வரை கரையில் கிடந்தார். பிள்ளை அங்கேயே பிறந்தது. அவனுக்கு 'துறையப்பன்' என்று நாம் வைத்த கேலிப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சூரிச்சிலிருந்து இந்த மடலை வாசித்துக்கொண்டிருப்பான்.

அண்ணருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நேரத்தில், 2021 நவம்பர் 23 காலை, பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு பாதையின் அழகைப் பேச எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. துறையில் காத்திருந்ததால்தான் தோப்பூர், ஈச்சிலம்பற்று ஆட்களை நமக்குத் தெரிந்தது. முஸ்லிம் ஊர்களிலிருந்து தயிரோடு வந்தவர்களும், தேனோடு வந்த கரையோர வேடர்களும் அப்பாவின் பெயர் சொல்லி விசாரிப்பார்கள். இப்போது யாரும் நிற்பதில்லை. ஆகவே நாமாகத்தான் நிற்கவேண்டும்.

நின்றோம். கதிரவெளிக்கு அப்பால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கயிற்றைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. வலையின் மடி கரையேறியதும் ஒருவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கை சூடை மீனை என் சாரத்து மடியில் கொட்டினார். கயிறு பிடித்தவனுக்குக் கறிக்கு மீன். அந்த முறை மாறவில்லை. வலை மட்டும் நைலோனாகிவிட்டது. நூல் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் ஏற்றிய காலத்தைச் சொன்னேன். இழுத்த பொடியன்களுக்குப் பனிச்சங்கேணி என்ற ஊர் தெரிகிறது, பனிச்சங்காய் தெரியவில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். வெருகல் சித்திர வேலாயுதர் கோயில் ஆவணித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் விமானச் சீட்டு எடுத்ததும் எழுதுங்கள். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று அடிக்கும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கார்த்திகை, மார்கழியில் வர நினைக்கிறவர்கள் வெள்ளத்தைக் கேட்டறிந்து வாருங்கள். கைப்பேசி வரைபடத்தை நம்பிக் கடற்கரை மணலுக்குள் வேனை விடவேண்டாம். நாங்கள் விட்டோம், தள்ளிவிட்டவர்கள் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கும் திருகோணமலை வழியாகத்தான் போவேன். அதில் வாக்குவாதம் வேண்டாம். வேனில் இன்னும் ஆறு பேருக்கு இடம் இருக்கிறது. திரும்பி வரும்போது ஏற்றும் தயிர் முட்டிகளுக்கு இடம் விட்டுத்தான் இந்தக் கணக்கு.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் ஊரவன்