அப்பாவின் படபடப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. அம்மா போன பிறகு கும்பகோணம் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், நான் கோவையில். சில மாதங்களாக ராத்திரி படுத்ததும் "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுதும்மா" என்கிறார். ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது ஓங்கி அடிக்கிறதாம். மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லை.

ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரி. 24 மணி நேரம் உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் மட்டும் இடையிடையே எக்டோபிக் துடிப்புகள் (முறைக்கு முன்பே வந்துவிடும் கூடுதல் துடிப்புகள்). டாக்டர் காபியைக் குறைக்கச் சொன்னார், அப்புறம் "பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டார். மனஅழுத்தம் நீடித்தால் அட்ரினலின் ஏறியே இருக்கும், தூக்கம் கெடும், இதயத்தின் மின்னோட்டம் சட்டென்று தடுமாறும் என்று விளக்கினார். துணையை இழந்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) வரும் அபாயம் முதல் மாதத்தில் 41 சதவீதம் கூடுதல் என்று 2016இல் வந்த டென்மார்க் ஆய்வு சொல்கிறது. அம்மா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது, ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் படபடப்பு!

ஒரே நாள் ஹோல்டரில் சிக்காமல் போகலாமே, ஏழு நாள் ஒட்டி வைக்கும் பேட்ச் மானிட்டர் தஞ்சாவூர், திருச்சி பக்கம் எங்கே கிடைக்கும், என்ன செலவாகும்? ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரத்தைப் பெரியவர்கள் சமாளிக்கிறார்களா? இன்னொன்று, கோவைக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கும்பகோணத்தில் பெரியவர்கள் சாயங்காலம் கூடிப் பேசுகிற இடம், நடைப்பயிற்சிக் குழு ஏதாவது தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். சீட்டாட்டம் என்றாலும் பரவாயில்லை, காசு வைக்காமல்.