கெலவரப்பள்ளிக்கு வருவது விஷம் என்கிறீர்கள், எனக்கு அது உரம்

பாகலூர் தோட்டம்:
மழை பெய்து ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் தூக்கினால் போதும், டிவிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். தென்பெண்ணையில் நுரை, விஷ ஆறு என்று நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். நான் ஆற்றோரம் கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் போடுகிறவன். ஆற்றுத்தண்ணீர் பாயும் பாத்திக்கு யூரியா பாதி போதும், கிணற்றுத்தண்ணீர் பாயும் பாத்திக்கு முழு அளவு வேண்டும். பெங்களூர் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வந்து ஆற்றில் சேர்கிறது என்பது எனக்கும் தெரியும். அது வராவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே ஓட என்ன இருக்கிறது? கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் நகரத்துக் கழிவுநீரை விட்டு மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அதற்கு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்குத் தருகிற ராம்சார் அங்கீகாரமே கிடைத்தது. அங்கே நடந்தால் சாதனை, இங்கே நடந்தால் விஷமா?

ஏரிக்கரை:
அண்ணா, நுரையையும் சத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். சோப்புத்தூள், ஷாம்பூ வகையறாக்களில் மக்காமல் மிஞ்சுகிற பொருள்தான் முக்கியமாக நுரைக்கிறது. கண்ணுக்குத் தெரிவதால் அதற்குக் கேமரா. பாஸ்பரஸ், நைட்ரஜன் இரண்டையும் யாரும் படம் எடுக்க முடியாது. நாளைக்கே நுரை நின்றாலும் அவை வந்துகொண்டுதான் இருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு ஆளின் உடம்பிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறும் பாஸ்பரஸைச் சுமார் 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 365 டன். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் நிகர பாஸ்பரஸ் 10 கிலோதான் (மூட்டையில் 46 என்று போட்டிருப்பது ஆக்சைடு கணக்கு). ஆக 36,500 மூட்டை. பெங்களூர் ஜனத்தொகையோ 1 கோடிக்கு மேல். எல்லாமே இந்தப் பக்கம் வடிவதில்லை, வருவதிலும் ஒரு பங்கு ஏரி வண்டலில் தங்கிவிடும், சரி. அப்படியே இருந்தாலும் உங்கள் புதினா எத்தனை மூட்டை தின்னும்? மிச்சம் அணைக்குத்தான்.

1973இல் கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியின் நடுவே திரை கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் சில வாரங்களில் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஒரு படம் நூறு அறிக்கைக்குச் சமம்.

அணைமீன்:
அதே ஆற்றில் கெலவரப்பள்ளிக்குக் கீழே இருக்கும் கிருஷ்ணகிரி அணையில் மீன் குத்தகையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. வலையைத் தூக்கினால் கண்ணியெல்லாம் பச்சைக் குழம்பு. பகலில் வந்து பார்த்தால் ஒன்றும் புரியாது, விடியற்காலை 4 மணிக்கு வாருங்கள். பகலெல்லாம் ஆக்சிஜன் விடுகிற பாசி, ராத்திரி முழுக்க அதையே இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சு இருக்காது. கட்லாதான் முதலில் மேலே வரும், வாயைத் திறந்து திறந்து மூடும். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மேகம் மூடினால் கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். எவனோ மருந்து கலந்துவிட்டான் என்று எங்கள் ஆட்களே சண்டைக்குப் போவார்கள். மருந்தே தேவையில்லை, இந்தத் தண்ணீருக்கு மேகமூட்டம் போதும்.

வர்த்தூர் 3ஆவது மாடி:
எல்லோரும் பெங்களூரைத் திட்டுவதற்கே வந்திருக்கிறீர்கள். எங்கள் குடியிருப்பில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, மாதாமாதம் பணம் கட்டுகிறோம். சரி, விவசாயிகள் மட்டும் உத்தமர்களா? அமெரிக்கா, கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியை 1960களில் செத்துப்போன ஏரி என்றே எழுதினார்கள். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, நகரக் கழிவுநீரையும் சோப்பிலிருந்த பாஸ்பேட்டையும் கட்டுப்படுத்தின. ஏரி தேறியது. அப்புறம் மறுபடி பாசி வந்தது, இந்த முறை பெரும்பங்கு வயல்களிலிருந்து. 2014 ஆகஸ்டில் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலீடோ நகரத்தில் சுமார் 5 லட்சம் பேரைக் குழாய்த்தண்ணீர் குடிக்காதீர்கள் என்றார்கள். பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஓசூரைச் சுற்றி இத்தனை ரோஜாக் குடில்கள் இருக்கின்றனவே, கரைந்த உரம் எங்கே போகிறதாம்?

பாகலூர் தோட்டம்:
குடில்காரர்கள் சொட்டுநீரில் அளந்து விடுகிறார்கள் சார். உரம் விற்கிற விலையில் அதை ஆற்றில் விட யாருக்கு மனசு வரும்? உங்கள் குடியிருப்பின் நிலையம் ராத்திரியிலும் ஓடுகிறதா, கரண்ட் பில்லைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்களா என்று ஒரு நாள் இறங்கிப் பாருங்கள்.

ஏரிக்கரை:
ஈரி உதாரணம் நல்ல உதாரணம், ஆனால் இங்கே பொருந்துவது முதல் பாதிதான். அங்கே வயல் உரம் மழையோடு வருகிறது. அதனால்தான் மார்ச் முதல் ஜூலை வரை ஈரியில் விழும் மௌமி ஆற்றில் வரும் பாஸ்பரஸை வைத்து அந்த ஆண்டுப் பாசியைக் கணிக்கிறார்கள். இங்கே மழையே இல்லாத ஏப்ரலிலும் ஆறு ஓடுகிறது. அண்ணனே முதல் பதிவில் சொல்லிவிட்டார், அந்த மாதங்களில் ஓடுவதே நகரத்துத் தண்ணீர் என்று. வயலில் வடிகிற தண்ணீரே இல்லாதபோது உரம் எப்படி ஆற்றுக்கு வரும்? மழைக்காலத்தில் வயலுக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை.

கொல்கத்தாவுக்கு வருகிறேன். அங்கே பேரி என்கிற குளங்கள் ஆழமில்லாதவை. அடிவரை வெயில் படும். எவ்வளவு கழிவுநீர் விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்கிறவர் அங்கே மீன் வளர்ப்பவர். அண்ணா, உங்கள் பாத்திக்கு மடையைத் திறப்பது நீங்கள்தான். ஆனால் பெல்லந்தூர் மதகு உங்கள் கையிலும் இல்லை, அணைமீன் கையிலும் இல்லை. 2015, 2017, 2018 என்று அந்த ஏரியே தீப்பிடித்த இடம் அது. அங்கிருந்து வருவதெல்லாம் வீட்டுக் கழிவு மட்டும்தான் என்று எந்த நம்பிக்கையில் கொத்தமல்லிக்கு விடுகிறீர்கள்?

வர்த்தூர் 3ஆவது மாடி:
என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? சியாட்டில் பக்கத்தில் வாஷிங்டன் ஏரிக்குப் போன கழிவுநீரை 1963 முதல் 1968க்குள் திருப்பிவிட்டார்கள், ஏரி தெளிந்தது. பக்கத்திலேயே கடல் கால்வாய் இருந்தது, திருப்பினார்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. 2018 முதல் சுத்திகரித்த தண்ணீரைக் கோலார் ஏரிகளுக்குப் பம்ப் செய்கிறார்கள், திட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். அதையும் குறை சொல்கிறீர்கள்.

பாகலூர் தோட்டம்:
பார்த்தீர்களா! அழுக்கு என்று நாம் கத்தக் கத்த, அவர்கள் கழுவிய தண்ணீரைக் கோலாருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நமக்கு வருவது கழுவாத மிச்சம். என் பயமே இதுதான். தரம் தரம் என்று வழக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏரிக்கரை:
அது நியாயம். இரண்டையும் சேர்த்தேதான் கேட்க வேண்டும். கோலாருக்குப் போவதும் இரண்டாம் நிலை வரை சுத்திகரித்ததுதான், பாஸ்பரஸை எடுக்க மூன்றாம் கட்டம் வேண்டும் என்று அங்கேயும் சண்டை நடக்கிறது. படிகாரமோ பெரிக் குளோரைடோ போட்டால் பாஸ்பரஸ் சேறாகப் படியும். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. செலவும் சேறும் கூடும், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கே எல்லாம் நின்றாலும் அணை உடனே தெளியாது. அடி வண்டலில் இத்தனை வருஷம் படிந்த பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் போதெல்லாம் மேலே கரைந்து வரும். தூர்வாரினாலும் அந்த வண்டலை எங்கே கொட்டுவது என்று அடுத்த சண்டை.

அணைமீன்:
என் வண்டலை பாகலூர் அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும், லாரி வாடகை அவரோடது :) ஆனால் உலோகம் இருக்கிறதா என்று ஏரிக்கரை சோதித்துச் சொன்ன பிறகு. அடுத்த வாரம் குஞ்சு விடுகிறோம். கட்லாவைக் குறைத்துக்கொண்டு ஜிலேபியைக் கூட்டச் சொல்கிறார் பங்காளி. குறைந்த ஆக்சிஜனை அது தாங்கும், கிலோவுக்கு விலைதான் கிடைக்காது. விடியற்காலையில் அளந்து பார்க்க ஆக்சிஜன் மீட்டர் வாடகைக்கு யாரிடமாவது கிடைக்குமா?