மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டுகிறது, புயல் பருவமும் வந்துவிட்டது: எதற்குப் பயப்பட வேண்டும்?

நெய்தல் | ஜூன் 6, 2010

ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் மேடையும் மூழ்கியது. லூசியானா கரையிலிருந்து 66 கிலோமீட்டர் தள்ளி, 1,500 மீட்டர் ஆழத்தில் அந்த மேடை துளைத்த மக்கோண்டோ எண்ணெய்க் கிணறு இன்னும் கக்கிக்கொண்டே இருக்கிறது. மூன்று நாள் முன்பு ஒரு மூடியைப் பொருத்தி, வரும் எண்ணெயில் ஒரு பகுதியைக் கப்பலுக்கு ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா மே 27 அன்று முன்கணிப்பு தந்தது. பெயர் வைக்கும் அளவுக்கான புயல்கள் 14 முதல் 23 வரை, அவற்றில் ஹரிகேன் என்னும் கடும் புயல் ஆகக்கூடியவை 8 முதல் 14, மிகக் கடுமையானவை 3 முதல் 7. வழக்கமான ஆண்டில் இவை 11, 6, 2 தான். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணிப்பும் 18 புயல்கள் என்கிறது. அட்லாண்டிக் புயல்களை அடக்கி வைக்கும் பசிபிக் கடல் வெப்பமான எல் நினோ அடங்கிவிட்டது, அட்லாண்டிக் நீரின் சூடு இயல்பைவிட வெகுவாக ஏறிக் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புயலுக்குக் கேட்கவே வேண்டாம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எண்ணெய் கடலில் கிடக்கும் வரை ஏதாவது செய்யலாம். கடல் பொங்கி அதைச் சதுப்பு நிலத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டினால் யார் போய் எடுப்பது?

ஆழ்கடல் | ஜூன் 6, 2010

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தக் கணிப்பை அதற்குரிய அளவில் வைத்துப் பாருங்கள். எத்தனை புயல் உருவாகும் என்றுதான் அது சொல்கிறது. எங்கே கரையைக் கடக்கும் என்று சொல்லவே இல்லை. அட்லாண்டிக்கில் இருபது புயல் உருவாகி, ஒன்றுகூடக் கிணற்றுப் பக்கம் வராமல் போகலாம்.

அப்புறம், புயல் வந்தால் கெடுதல்தான் என்று யார் சொன்னது? 1993 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவில் பிரேயர் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, சுமார் 85,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கரை நாசமாகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். விடாமல் அடித்த புயல் எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்துக் கடலில் கலந்துவிட்டது. கரையில் ஒதுங்கியது மிகக் குறைவு. மனிதன் சேர்த்த எந்த இயந்திரத்துக்கும் அந்தப் பலம் கிடையாது.

நெய்தல் | ஜூன் 7, 2010

பிரேயரின் மறுபாதியையும் சொல்லுங்கள். அது லேசான வகை எண்ணெய், ஷெட்லாந்தோ பாறைக் கரை. அங்கேயே காற்று எண்ணெய்த் துளிகளை வாரிக்கொண்டுபோய் விளைநிலத்திலும் ஆடு மேயும் புல்லிலும் தெளித்தது. கடலில் கலந்தது காணாமல் போகவில்லை, அடிமண்ணில் போய்ப் படிந்தது. அந்தப் பகுதியில் சிங்கி இறால் பிடிக்க விதித்த தடை 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது. மேலே தெரியவில்லை என்பதால் கடல் சுத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

புதுமுகம் | ஜூன் 7, 2010

ஒரு சந்தேகம். புயல் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு எண்ணெய் மழையாகப் பெய்யும் என்று மின்னஞ்சல் சுற்றுகிறதே, உண்மையா?

ஆழ்கடல் | ஜூன் 7, 2010

இல்லை. கடல் நீர் ஆவியாகி மேலே போய்த்தான் மழையாகிறது. எண்ணெய் அப்படி மேகத்தில் சேர்ந்து மழையாவதில்லை. நெய்தல் சொல்லும் ஷெட்லாந்துச் சாரல் அலை உடைந்து தெறித்தது, கரையை ஒட்டி மட்டும் விழுந்தது. கடலில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் புயலைப் பலவீனப்படுத்தும் என்று சிலர் சொல்வதிலும் பொருளில்லை. புயல் இருநூறு முந்நூறு மைல் அகலம், படலமோ திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. காற்று வலுத்ததும் அதுவும் கிழிந்துவிடும்.

பேட்டன்ரூஜ்வாசி | ஜூன் 9, 2010

நான் லூசியானாவில் இருக்கிறேன். வார இறுதியில் கடலோரத் தீவான கிராண்ட் ஐல் வரை போய் வந்தோம். எண்ணெய்த் தடுப்பு என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அதைப் பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் நீண்ட குழாய், அதன் கீழே முழம் அளவுக்குத் தொங்கும் துணி, அங்கங்கே நங்கூரம். ஒரு படகு வேகமாகப் போனாலே அலை அதைத் தாண்டுகிறது. சில இடங்களில் குழாயே சுருண்டு புல்லின் மேல் ஏறிக் கிடந்தது. புல்லின் அடித்தண்டில் காப்பித் தூள் நிறத்தில் கோடு. தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போவதில்லை.

அந்தப் புல்தான் இங்கே மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்டில் மட்டும் பட்டால் வேரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். மண்ணுக்குள் இறங்கி வேர் செத்தால், புல்லோடு நிலமும் கரைந்து கடலாகிவிடும். ஏற்கெனவே 1930களிலிருந்து 1,900 சதுர மைல் நிலத்தை இந்த மாநிலம் கடலுக்குக் கொடுத்திருக்கிறது.

2005ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. கத்ரீனா புயலின் வெள்ளம் மெரோ என்ற இடத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் தொட்டியையே தூக்கி நகர்த்தியது. 25,000 பீப்பாய் எண்ணெய் வெளியேறி, சுமார் 1,800 வீடுகளைப் பாழாக்கியது. வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் அந்தக் கறுப்புக் கோடு நின்றது.

ஆழ்கடல் | ஜூன் 10, 2010

அக்கா, மெரோ தொட்டி எண்ணெய் குடியிருப்புக்கு நடுவிலேயே இருந்தது. இது 66 கிலோமீட்டர் தள்ளி, வெயிலிலும் அலையிலும் பாதி ஆவியாகி, அழுகி வருவது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

இதே வளைகுடாவில் நடந்ததைப் பாருங்கள். 1979 ஜூன் 3 அன்று மெக்சிகோவின் இக்ஸ்டாக் கிணறு வெடித்து, மறு ஆண்டு மார்ச் வரை கொட்டியது. சுமார் 30 லட்சம் பீப்பாய். ஆகஸ்டில் டெக்சஸின் தெற்குக் கடற்கரையில் எண்ணெய். செப்டம்பரில் வந்த புயல் காற்று அதில் பெரும்பகுதியைத் துடைத்துக்கொண்டு போனது.

நெய்தல் | ஜூன் 16, 2010

துடைத்து எங்கே போட்டது? கரையை ஒட்டி மணலுக்கடியில் தார்ப் பாளங்களாகக் கிடந்தது. அது மணல் கரை, சரி. லூசியானாவின் சதுப்பு நிலமான பரட்டேரியா விரிகுடாவில் மணலா இருக்கிறது?

திசையும் முக்கியம். நம் கிழக்குக் கரையில் புயல் கரையைக் கடக்கும்போது வடக்குப் பக்கம்தான் கடல் ஏறும், தெற்குப் பக்கம் கடல் உள்வாங்கும் என்பது மீனவர் எல்லோருக்கும் தெரியும். வளைகுடாவில் புயல் வடக்கே போகிறது, அதனால் அதன் கிழக்குப் பக்கம் கடலைக் கரைக்குள் தள்ளும். புயல் கிணற்றுக்குக் கிழக்கே போனால் எண்ணெய் ஆழ்கடலுக்குப் போகும், மேற்கே போனால் சதுப்புக்குள் போகும். நீங்கள் சொல்லும் சுத்தம் இந்தப் பகடையில் பாதி முகம் மட்டும்.

நேற்று கசிவின் அளவையும் திருத்திவிட்டார்கள். நாளுக்கு 35,000 முதல் 60,000 பீப்பாய். முதலில் சொன்னது வெறும் 1,000.

ஆழ்கடல் | ஜூன் 26, 2010

அளவைத் திரும்பத் திரும்பக் குறைத்துச் சொன்னது மன்னிக்க முடியாதது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த அச்சத்தை வைத்து ஆழ்கடல் துரப்பணம் முழுவதையும் அரசு ஆறு மாதம் நிறுத்தியது நியாயமா? 22ஆம் தேதி நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது எனக்கு ஆறுதல். இந்த மேடைகளுக்குச் சாப்பாடும் குழாயும் கொண்டுபோகும் படகுகளில் வேலை செய்கிறவர்களுக்குப் புயல் எப்போதோ வரும், வீட்டுக் கடன் தவணை மாதம் தவறாமல் வரும்.

நெய்தல் | ஜூன் 26, 2010

அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கட்டும், முழுமையாகக் கொடுக்கட்டும். நான் கேட்பது வேறு.

மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கும் தாட் ஆலன் சொன்னதைக் கவனித்தீர்களா? கடுங்காற்று வருவதற்கு 120 மணி நேரம் முன்பே கப்பல்களைக் கிளப்ப வேண்டுமாம். வேலை 14 நாள் வரை நிற்கலாமாம். இப்போது நாளுக்கு சுமார் 25,000 பீப்பாயைப் பிடிக்கிறார்கள். கப்பல்கள் போய்விட்டால் அதுவும் கடலுக்குத்தான். 14 நாளுக்கு 3,50,000 பீப்பாய். எக்ஸான் வால்டீஸ் மொத்தமாகக் கொட்டியதே 2,60,000 சொச்சம். புயல் கரையில் ஒரு கூரை ஓட்டைக்கூடப் பெயர்க்க வேண்டாம், அந்தப் பக்கம் வரப்போகிறது என்ற செய்தி போதும், இன்னொரு வால்டீஸ் கொட்டிவிடும். இத்தனை நாள் புயல் எண்ணெயை என்ன செய்யும் என்றே பேசினோம். புயல் அங்கே வேலை செய்கிறவர்களை என்ன செய்யும் என்பதுதான் பெரிய கேள்வி.

பேட்டன்ரூஜ்வாசி | ஜூலை 7, 2010

அலெக்ஸ் புயல் ஜூன் 30 இரவு மெக்சிகோவில், கிணற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கரையைக் கடந்தது. ஜூன் மாதத்திலேயே அட்லாண்டிக்கில் ஹரிகேன் உருவானது 1995க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவ்வளவு தூரத்தில் போனதற்கே இங்கே எண்ணெய் வழிக்கும் படகுகள் நாள்கணக்கில் துறைமுகத்தில் முடங்கின. எண்ணெயைக் கடலிலேயே எரிப்பதும் நின்றது. எண்ணெய் பிடிக்க மூன்றாவது கப்பலைக் கிணற்றோடு இணைக்கும் வேலை தள்ளிப்போனது. இப்போது பான்ச்சர்ட்ரெயின் ஏரியில் தார் உருண்டைகள், அதாவது நியூ ஆர்லியன்ஸின் வாசலிலேயே.

ஆழ்கடல் | ஜூலை 26, 2010

15ஆம் தேதி புது மூடி கிணற்றை அடைத்துவிட்டது, 87 நாளுக்குப் பிறகு. பானி புயல் வருகிறது என்று கப்பல்கள் விலகியபோதும் மூடியைத் திறக்காமல் விட்டுப் போனார்கள். அது தாங்கியது. பானியும் 24ஆம் தேதி ஒன்றுமில்லாமல் கலைந்தது. கிணற்றை அடியில் அடைக்கப் பக்கத்தில் தோண்டும் ரிலீஃப் கிணற்று வேலையில் சில நாள் போயிற்று, அவ்வளவுதான். நீங்கள் போட்ட 14 நாள் கணக்கு நடக்கவில்லை.

நெய்தல் | ஜூலை 26, 2010

மூடி எட்டு நாள் முந்திக்கொண்டது. பானி ஜூலை முதல் வாரத்தில் வந்திருந்தால் அந்தக் கணக்கு ஒவ்வொரு பீப்பாயும் நடந்திருக்கும். அடுத்த தடவை துரப்பண அனுமதி கொடுக்கும்போது, புயல் பருவத்தில் கிணறு வெடித்தால் கப்பல் விலகிய பிறகும் எண்ணெயை நிறுத்தி வைக்க என்ன கருவி தயாராக இருக்கிறது என்று கேட்க வேண்டும். 87 நாள் கழித்துச் செய்த மூடியை முன்கூட்டியே செய்து வைக்க முடியாதா?

பேட்டன்ரூஜ்வாசி | செப்டம்பர் 12, 2012

பழைய இழைதான், ஆனாலும் இங்கேயே எழுதுகிறேன். ஐசக் புயல் ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பி முகத்துவாரத்தில் கரையைக் கடந்தது. ஹரிகேன்களில் வலு குறைந்த முதல் வகைதான், ஆனால் நகராமல் நின்று அடித்தது. இங்கே கடலோரத்தில் எல்மர்ஸ் தீவிலிருந்து ஃபோர்ஷோன் வரை மணலைப் பெயர்த்து, அடியில் கிடந்த தார்ப் பாளங்களை வெளியே கொண்டுவந்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகம் சோதித்து மக்கோண்டோ எண்ணெய்தான் என்று உறுதி செய்திருக்கிறது. பத்து மைலுக்கு மேல் கரையோரத்தில் மீன்பிடிக்கத் தடை. வெள்ளை இறால் பருவத்தில் வலையைக் காயப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆழ்கடல் | செப்டம்பர் 13, 2012

வெளியே வந்ததால்தானே இப்போது வாரி எடுக்க முடிகிறது? மணலுக்கடியில் கிடந்தால் யாருக்கும் தெரியாமல் இன்னும் பத்து வருடம் கசிந்திருக்கும். புயல் காட்டிக் கொடுத்ததைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

நெய்தல் | செப்டம்பர் 13, 2012

அப்படியானால் 2004ஐயும் சேர்த்துப் பேசுவோம். ஐவான் புயலில் கடலடி மண் சரிந்து டெய்லர் எனர்ஜி என்ற நிறுவனத்தின் எண்ணெய் மேடையைச் சாய்த்தது. அதன் கிணறுகள் சேற்றுக்கடியில் புதைந்தன. சிலவற்றைத்தான் அடைத்திருக்கிறார்கள். எட்டு வருடமாக அந்த இடத்தில் எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ புயல்கள் வளைகுடாவைக் கடந்து போய்விட்டன. அவற்றில் எது அதைச் சுத்தம் செய்தது, ஆழ்கடல்?