அறையில் கனமாக ஒலிக்கும் கிட்டார், பதிவில் தகரமாகிவிடுகிறது: உதவி வேண்டும்

பனங்காடு:
வணக்கம். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்த் திருவிழாவுக்காக நண்பர் எழுதிய பாட்டை வீட்டிலேயே பதிவு செய்கிறோம். குரல் நன்றாக அமைந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிட்டார்தான் மூன்று வாரமாக வழிக்கு வரவில்லை.

15 வாட் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), 8 அங்குல ஸ்பீக்கர். அதைத் தரையில் வைத்து, ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நேர் நடுவில், முகப்புத் துணியை ஒட்டி வைத்திருக்கிறேன். கெயின் (ஒலிக்கு முறுக்கேற்றும் திருகு) 8. எதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது நெஞ்சில் இடிக்கிறது. பதிவைக் கேட்டால் டப்பாவில் அடைபட்ட குளவிபோல் இருக்கிறது. பாஸைக் கூட்டினால் சத்தம் கொழகொழவென்று ஆகிறது, குளவி போகவில்லை. போதாததற்கு ஓயாத ஓர் உறுமலும் உண்டு. ஆம்பின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

வேலந்தாவளம்:
மைக்கே வேண்டாம். கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) செருகி, கணினியில் ஆம்ப் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பாவனையையும் சேர்க்க மறக்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். அது இல்லாவிட்டால் குளவி இரண்டாகும்.

பனங்காடு:
முயன்று பார்த்தேன் அண்ணா. ஆம்ப் எதிரில் இருந்தால்தான் என் விரல்கள் ஒழுங்காக வாசிக்கின்றன. இதையே சரிசெய்ய ஆசைப்படுகிறேன்.

ஆறுகம்பி:
நல்ல ஆசை தம்பி, விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆம்பில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ட்ரெபிள் என்னும் கூர்மையான ஒலி ஸ்பீக்கரின் நடுவிலிருந்து டார்ச் வெளிச்சம்போல் நேராகப் பாயும். ஆம்ப் தரையில் இருப்பதால் அது உங்கள் முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. காதுக்கு வருவது சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய மென்மையான ஒலி. மைக் அந்தப் பாய்ச்சலை முகத்துக்கு நேரே வாங்குகிறது.

ஆம்ப் மூலையில் இருந்தால் நகர்த்தி, ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள். துணியின்மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உள்ளே எலுமிச்சம்பழ அகலத்தில் ஒரு குமிழ் மூடி தெரியும். அந்த மூடி முடிந்து காகிதக் கூம்பு தொடங்கும் விளிம்புதான் உங்கள் இடம். மைக்கை அதற்கு நேரே, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நண்பரை வாசிக்கச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்களே மைக்கை நகர்த்துங்கள். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே வேறு ஆம்ப் வாங்கியதுபோல் இருக்கும். ஸ்பீக்கரின் வெளிவிளிம்பை நோக்கிப் போகப்போக ஒலி மங்கும். கிட்டே போனால் பாஸ் கூடும், விலகினால் குறையும். இந்த வகை மைக்கின் இயல்பு அது.

கெயினை 4க்கு இறக்குங்கள். வாசிக்கும்போது போதாது என்றுதான் படும். அதிகக் கெயினில் தந்தியைத் தட்டும் முதல் அடியே நசுங்கிப்போகிறது, கனம் என்று நாம் உணர்வது அந்த அடியைத்தான். பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நின்றால் போதும். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது.

மின்வேலை:
எர்த் முள்ளைத் தொடவே தொடாதீர்கள். ஆம்புக்குள் ஒரு கம்பி விலகினால் 230 வோல்ட் தந்தி வழியாக உங்கள் கைக்கு வரும். இதற்காகவே இழைக்குள் வந்தேன்.

உங்கள் கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப்தானே (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைக் கம்பிச்சுருள்)? அது சுற்றியுள்ள மின்சார இரைச்சலை எல்லாம் பிடித்துக்கொள்ளும். கிட்டாரைப் பிடித்தபடியே மெல்லச் சுற்றித் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் உறுமல் அடங்கும், அங்கே உட்காருங்கள். மானிட்டரை விட்டு விலகியிருங்கள். மின்விசிறியின் ரெகுலேட்டர் எந்த எண்ணில் இருக்கிறது?

பனங்காடு:
இரண்டில் இருந்தது! அணைத்ததும் கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது. சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், மிச்சமும் தணிந்தது. முள்ளைத் தொடவில்லை.

மைக்கையும் ஆறுகம்பி அண்ணன் சொன்னபடி வைத்தேன். நடுவிலிருந்து விளிம்புக்கு வந்தபோது குளவி எங்கே போனது என்றே தெரியவில்லை. கெயின் 4இல் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. நண்பர் ஹெட்போனைக் கழற்ற மறுக்கிறார். புதிய தொல்லை ஒன்றுதான்: இது கர்க்கடகம் (நம் ஆடி), பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்வதில்லை. மெல்லிய இடங்களில் பனையோலைச் சலசலப்பும் பதிகிறது. பல்லவியைப் பெரிதாக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஆறுகம்பி:
சன்னலைச் சாத்தி, அதன்மேல் பஞ்சு மெத்தையைச் சாய்த்து நிறுத்துங்கள். மைக்கின் முதுகு சன்னலைப் பார்க்கட்டும், பின்பக்கத்து ஒலியை அது குறைவாகவே எடுக்கும். பல்லவியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து வைத்தால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசமே அந்த அகலத்தைத் தருகிறது.

பனங்காடு:
மெத்தையைத் தூக்கி நிறுத்திவிட்டோம். இன்று இரவு இரண்டாவது வாசிப்பு.