செயற்கை எண்ணெய் வேணாம்: ஜீப் அச்சுக்கு ஊத்துற ஆயிலுக்கு என்ன பேர்?

தமிழ்ச் சொல் தேடுற குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இந்த இழையில சிந்தெட்டிக் கியர் ஆயிலுக்கு "செயற்கை எண்ணெய்", சாதா ஆயிலுக்கு "கனிம எண்ணெய்"னு முடிவாச்சு. நானும் சரின்னுதான் கை தூக்கினேன். இப்ப இறக்கிக்கிறேன்.

எங்க அம்மானுக்குத் தேவகோட்டைப் பக்கம் தோப்பு இருக்கு, அங்க ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் ஓடுது. ஐப்பசி மழையில கண்மாய்க்குள்ள இறங்கி ஏறினதுக்கு அப்புறம் பின்னாடி அச்சுல (ஆக்சில்ல) ஒரே உறுமல். காரைக்குடி ஒர்க்‌ஷாப்ல ஆயில வடிக்கிற போல்ட்டக் கழட்டினா அது பால் ஊத்தின காப்பி மாதிரி கொழகொழன்னு வருது, கந்தக நாத்தம் வேற. ஓடிச் சூடா இருக்குற அச்சுக் கூடு (ஹவுசிங்) தண்ணியில முங்கினதும் உள்ள இருக்குற காத்து சுருங்கும், காத்து போக வர இருக்குற பிரீதர் ஓட்டையில செம்மண் அடைச்சுக் கெடந்தா சீல் வழியா தண்ணிய இழுத்துக்கும், அம்புட்டுத்தான். அடுத்து என்ன ஊத்தணும்னு ஒரு தாள்ல "ஜிஎல்-5, 75டபிள்யூ-90, செயற்கை எண்ணெய்"னு தமிழார்வத்துல எழுதிக் குடுத்தேன். அம்மான் கண்ணாடிய மாட்டிப் படிச்சுட்டு, "ஏன் தம்பி, காசு குடுத்து டூப்ளிகேட்டயா ஊத்தச் சொல்றே?"ன்னு கேட்டாங்க.

அவங்க கேட்டதுல தப்பே இல்ல. வீட்டுக்குச் செக்குல ஆட்டுன நல்லெண்ணெய்தான் வேணும்னு தேடிப் போய் கூடக் காசு குடுத்து வாங்குற ஆளு, அவங்களுக்கு எண்ணெய்னா தொழிற்சாலை கை படாம இருந்தாத்தான் நல்லது. அச்சுக்குள்ள சுத்துற கிரவுன் கியர் பல்லுக்கு இது அப்படியே தலைகீழ். "செயற்கை"ன்னு எழுதினதுமே விலை கூடின நல்ல ஆயில் போலியாப் போச்சு, "மரபு எண்ணெய்"னு எழுதியிருந்தா சாதா ஆயிலுக்குப் பொட்டு வச்சுப் பூ வச்சிருப்பாங்க.

"கனிம எண்ணெய்"லயும் ஒரு கோளாறு இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்துல கனிம வேதியியல்னா கார்பன் சங்கதி இல்லாத பக்கம், ஆனா இந்த ஆயில் முழுக்க ஹைட்ரோகார்பன், பிளஸ் டூ படிக்கிற புள்ள குழம்பிப் போகும். லூப்ரிகன்ட் எல்லாத்துக்கும் "மசகு எண்ணெய்"னு பொதுப்பேர் வைக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, இலங்கைப் பத்திரிகையில அது கச்சா எண்ணெய், விலை ஏறுச்சுன்னு அவங்க எழுதுறது அதைத்தான். பொதுப்பேருக்கு உயவு எண்ணெய் போதும்னு நினைக்கிறேன்.

என் கட்சி என்னன்னா, பேரு நல்லது கெட்டது சொல்லக் கூடாது, எப்படிச் செஞ்சதுன்னு சொல்லணும். சாதா ஆயில் கச்சா எண்ணெயக் காய்ச்சி வடிச்சுச் சுத்தம் பண்ணி எடுக்கிறது, அதுல பெருசும் சிறுசுமா பலவித மூலக்கூறு, கொஞ்சம் மெழுகும் கெடக்கும், அதான் குளிர்ல கெட்டியாகுது. சிந்தெட்டிக்ல முக்கியமான பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்) வகை வேற மாதிரி, எத்திலீன்ல இருந்து பத்து கார்பன் உள்ள டெசீன் துண்டு செஞ்சு, மூணு நாலு இல்ல அதுக்கும் மேல ஒண்ணோடொண்ணு கோத்து எடுக்கிறாங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே சீரா இருக்கிறதால சூட்டுலயும் குளிர்லயும் கெட்டித்தன்மை அவ்வளவா மாறாது.

இதுக்குச் "சேர்க்கை எண்ணெய்"னு யோசிச்சேன், ஃபோட்டோசிந்தெசிஸுக்கு ஒளிச்சேர்க்கைன்னு இருக்கே. ஆனா ஆயில்ல கலக்குற அடிட்டிவ்வ சேர்க்கைப் பொருள்னு ஏற்கனவே எழுதுறோம், மோதும். "கோவை எண்ணெய்" அழகாத்தான் இருக்கு, கோயமுத்தூர்ல இருந்து வருதான்னு கேப்பாங்க. "தொடுப்பெண்ணெய்"னு மெக்கானிக்கிட்ட சொல்லிப் பாத்தேன், தொடுப்புன்னா நம்ம பக்கம் என்னன்னு உங்களுக்கே தெரியும், பட்டறைப் பசங்க ஸ்பேனரக் கீழ போட்டுட்டுச் சிரிக்கிறானுங்க. கடைசியா அம்மான்கிட்ட, "கழுத்துருத் தாலி கோக்குற மாதிரி துண்டு துண்டாக் கோத்த எண்ணெய்"னு சொன்னதும், "அப்படிச் சொல்லு"ன்னாங்க. அதனால என் முன்மொழிவு: சாதாவுக்கு வடித்த எண்ணெய், சிந்தெட்டிக்குக் கோத்த எண்ணெய். (கோர்த்த இல்ல, கோத்த. இலக்கண அன்பர்கள் வர்றதுக்கு முன்னாடியே நானே சொல்லிட்டேன்.)

அச்சுங்கறதுக்குப் புதுச்சொல் தேட வேணாம். மாட்டுவண்டிக்காரங்க இருசும்பாங்க, அதுவும் நல்ல சொல்தான். புறநானூறு 102-ல ஔவை சொல்ற "சேம அச்சு" பாருங்க, உப்பு வண்டிக்காரங்க பள்ளத்துல இறங்குமோ மேட்டுல ஏறுமோன்னு வண்டிக்கு அடியில கட்டிக்கிட்டுப் போற உபரி அச்சு அது, ஆஃப் ரோடுக்கு இதவிடப் பழைய சாட்சி வேணுமா.

சரி, எதை ஊத்துறதுங்கற கேள்விக்கும் வர்றேன், ஏன்னா பேரோட குழப்பம் ஆயில்லயும் வந்துருச்சு. மெக்கானிக் கேட்டது ஆயிலோட கெட்டித்தன்மை நம்பர் ஒண்ணே ஒண்ணு, "தொண்ணூறா, நூத்தி நாப்பதா, அதச் சொல்லுங்கண்ணே." அவரு கேள்விதான் சரி, கம்பெனி புக்குல என்ன நம்பர், தரம் ஜிஎல்-5 தானா, அதப் பாத்துட்டுத்தான் மத்தது. கிரவுனச் சுத்துற சின்னக் கியரு, பினியன், கிரவுனோட நடுவுக்குக் கீழ தள்ளி உக்காந்திருக்கும், பல்லு உருளுறதோட வழுக்கிக்கிட்டும் தேயும், அதத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரசும் ஜிஎல்-5-ல கூட இருக்கு. அதையே கியர்பாக்ஸ்ல ஊத்தினா சில வண்டியில கியர் மாத்துறப்ப வேகத்த ஒத்துப்போக வைக்கிற பித்தளை சிங்க்ரோ வளையத்த அரிச்சுரும், அங்க ஜிஎல்-4 கேட்டா அதுதான். 75டபிள்யூங்கறதுல டபிள்யூ குளிர்காலத்துக்கு, மைனஸ் 40 டிகிரி வரைக்கும் பாக்குற கணக்கு. 80டபிள்யூக்கு மைனஸ் 26. காரைக்குடி மார்கழிக்கு அது எதுக்கு? சித்திரை வெயில்ல டிரெயிலர் இழுக்குற வண்டின்னா கோத்த எண்ணெய் சூட்டுல சீக்கிரம் கெடாது, காசு கணக்குத் தேறும். அம்மான் ஜீப் வருசாவருசம் கண்மாய்ல முங்குது, எதை ஊத்தினாலும் தண்ணி போனா வடிச்சுக் கொட்டத்தான் போறோம், அதனால நானே தாளக் கிழிச்சுட்டு வடித்த எண்ணெய் 80டபிள்யூ-90 எழுதிக் குடுத்தேன், பிரீதர்ல ஒரு ஓஸ் மாட்டி மேல தூக்கிக் கட்டச் சொன்னேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கு. ஆயில் வகையில குரூப் 3-னு ஒண்ணு, கச்சா எண்ணெய்ல இருந்து வந்ததையே ஹைட்ரஜன் அழுத்தத்துல முறிச்சு மாத்தி எடுக்கிறது, அதையும் டப்பாவுல சிந்தெட்டிக்னுதான் போடுறாங்க. 1999-ல அமெரிக்காவுல மொபில் கம்பெனி, இதை சிந்தெட்டிக்னு சொல்லலாமான்னு காஸ்ட்ரால் கம்பெனி மேல விளம்பரத் தகராறு கிளப்பி, காஸ்ட்ரால் பக்கம் முடிவாச்சே, அதே சங்கதி. இது வடிச்சதும் இல்ல, கோத்ததும் இல்ல. "முறித்த எண்ணெய்"னு சொல்லலாம்னா, பால் முறிஞ்ச மாதிரி கெட்டுப்போனதுன்னு அம்மான் மறுபடி கண்ணாடிய எடுப்பாங்க. வேற சொல் தோணினா எழுதுங்க.