சாவியில் கையெழுத்து இருந்தும் க்ளியோபாட்ரா நம்ப மறுக்கிறதே?

சத்துவாச்சாரி:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். இத்தாலியில் இருக்கும் வாடிக்கையாளர் பிஜிபி என்ற மறையாக்க முறையில் பூட்டித்தான் மெயில் அனுப்புவார், அதனால் அதற்கான சாவிகளைக் கையாளும் க்ளியோபாட்ரா சாஃப்ட்வேரை நிறுவி, அவருடைய பொதுச் சாவியின் (அவருக்கு அனுப்பும் மெயிலை மற்றவர்கள் பூட்டும் சாவி) ஃபிங்கர்பிரிண்டை, அதாவது அதன் அடையாளக் குறியை, போனில் வாசிக்கச் சொல்லி 40 எழுத்தையும் ஒத்துப் பார்த்து, அந்தச் சாவிமேல் என் டிஜிட்டல் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இப்போது அவருடைய கூட்டாளியின் சாவி வந்திருக்கிறது. அதில் இவர் கையெழுத்து இருக்கிறது. ஆனாலும் சரிபார்க்கப்படாத சாவி என்றே காட்டுகிறது. ஏன்?

காட்பாடி:
பத்திரப் பதிவு ஆபீசில் அடையாள சாட்சி நிற்பார்களே, அதே கதை. 'இவர்தான் அவர்' என்று சொல்வது கையெழுத்து. அந்தச் சாட்சியின் பேச்சை எடுத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் முடிவு செய்வது ஓனர் டிரஸ்ட். நீங்கள் முதலாவதை மட்டும் செய்திருக்கிறீர்கள். அவர் பார்த்துப் போடுகிறவரா, யார் நீட்டினாலும் போடுகிறவரா என்று சாஃப்ட்வேருக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை. 'ஃபுல்' கொடுத்தால் அவர் ஒருவர் கையெழுத்தே போதும், 'மார்ஜினல்' என்றால் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் வேண்டும், க்ளியோபாட்ராவுக்கு அடியில் ஓடும் ஜிபிஜியில் வழக்கமாக இருக்கும் கணக்கு இது. 'அல்டிமேட்' உங்கள் சொந்தச் சாவிக்கு மட்டும், தயவுசெய்து வேறு யாருக்கும் வேண்டாம்.

சத்துவாச்சாரி:
மார்ஜினல் வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடுமா? சங்கடமாகிவிடும்.

காட்பாடி:
தெரியாது. அது உங்கள் கணினியிலேயே இருக்கும், சாவியோடு போகாது. கையெழுத்துதான் வெளியே போகக்கூடியது, அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் கணினிக்கு மட்டுமான லோக்கல் கையெழுத்து போடலாம்.

குடியாத்தம்:
இதையெல்லாம் தண்டர்பேர்ட் மெயில் சாஃப்ட்வேரில் தேடி அலையாதீர்கள், 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே ஓபன்பிஜிபி (பிஜிபியின் பொதுத் தரம்) இருக்கிறது, ஆனால் அது அடுத்தவர் கையெழுத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு சாவியையும் நீங்களேதான் ஏற்க வேண்டும். 2019-இல், பொதுச் சாவிகளை எல்லோரும் எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் கீசர்வர்களில் இருந்த சில சாவிகள் மேல் யாரோ ஏறத்தாழ 1,50,000 போலிக் கையெழுத்துகளை ஏற்றிவிட்டார்கள், இறக்கியவர்களின் ஜிபிஜி திணறிப் போனது. அதிலிருந்து எனக்கு இந்தக் கையெழுத்துச் சங்கிலி மேலேயே பிடிப்பு விட்டுப்போனது. இரண்டு பேர்தானே, கூட்டாளிக்கும் ஒரு போன் போடுங்களேன்.

சத்துவாச்சாரி:
சரி. வாடிக்கையாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் போன மாதம் எண்ணிக்கை தப்பான பில்லில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியவர். மார்ஜினல்தான். மதியத்துக்கு மேல்தான் அங்கே ஆபீஸ் திறக்கும், சாப்பிட்டுவிட்டுக் கூட்டாளியைக் கூப்பிடுகிறேன்.